ரப்பரும் துணியும் துருவும் சேர்ந்த ஓவியம்: எப்போது கையை எடுப்பது?

ஜூலை 27

ஷா ஆலாமிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கேள்வியை அப்படியே தருகிறேன்.

“அக்கா, நான் கேன்வாஸில் பழைய நாளிதழ், மணல், அக்ரிலிக் எல்லாம் சேர்த்துச் செய்கிறேன். நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் என்றால் எங்கே நிறுத்துவது என்று வாத்தியார் சொல்லித் தருகிறார். இந்த மாதிரிப் படத்துக்கு யாரும் சொல்வதில்லை. கெடு வந்தால் நிறுத்துகிறோம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரியா?”

ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. கெடு வந்ததால் மாட்டிய படங்கள் என்னிடமும் உண்டு. கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிலவற்றை மறுபடி மேசையில் கிடத்தினேன், சிலவற்றைத் தொடவே மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கெடுதான். அப்படியென்றால் முடிந்ததையும் முடியாததையும் பிரிப்பது வேறு ஏதோ.

இப்போது ஒரு பலகை கையில் இருக்கிறது. நாலடிக்கு மூன்றடி பிளைவுட், பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பாலிங் பக்கம் மாமாவிடம் வாங்கிய புகை போடாத ரப்பர் சீட் ஒன்று, கொஞ்சம் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து மிஞ்சும் ரப்பர் பால்), பாட்டியின் கல்யாணப் பட்டில் கிழிந்துபோன கரை, மஞ்சள் தூள், வினிகர் ஊற்றித் துருப்பிடிக்க வைத்த இரும்புத் தூள், இடையிடையே அக்ரிலிக். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்தப் பலகையை வைத்தே பதில் எழுதுகிறேன். தோன்றும்போது தோன்றியதைப் போடுவேன், வரிசையாக வராது.

ஜூலை 27, இரவு

ஒன்று விட்டுப்போனது. நம் கோயில்களில் முடிவுக்கு ஒரு தெளிவான செயல் இருக்கிறது. சிலை முழுக்கச் செதுக்கி ஆனபிறகு ஸ்தபதி கடைசியாகக் கண் திறப்பார், அதற்குமேல் உளி படாது. ஆனால் அதே கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் வைத்து, கோபுரத்துக்குப் புது வர்ணம் அடிக்கிறோம். நம் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833லிருந்து இருக்கிறது, இன்று கோபுரத்தில் நாம் பார்ப்பது அன்றைய வர்ணமா என்ன? ஒன்றை முடித்துவிட வேண்டும், இன்னொன்றைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் இரண்டையும் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். என் பலகையில் எது சிலை, எது கோபுர வர்ணம் என்று பிரிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜூலை 30

தம்பி மறுபடி கேட்கிறார், உலகத்தில் எந்த ஓவிய முறைக்காவது தானாக முடிவு வருமா என்று. வரும். பாத்திக். பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங் 1950களில் பாத்திக் முறையை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். வேண்டிய இடத்தில் மெழுகை வைத்து மறைத்து, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் சாயம் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுப்பார்கள். மெழுகு போனபிறகுதான் மொத்தப் படமும் கண்ணுக்குத் தெரியும். அதுவரை பார்க்க முடியாததைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் தைரியம் எனக்கு வராது, அது வேறு விஷயம். ஆனால் அங்கே கடைசிப் படி எது என்பதில் குழப்பமே இல்லை. நம் கையில் உள்ள பொருள்களுக்கு அப்படி ஒரு கடைசிப் படி கிடையாது, நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 3

மஞ்சள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். நேற்று அக்ரிலிக் மீடியத்தில், அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசையில், மஞ்சள் தூளைக் குழைத்துப் பலகையின் இடது பக்கம் பூசினேன். பூசும்போதே செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. குங்குமம் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். அக்ரிலிக் மீடியத்துக்கும் கொஞ்சம் காரத்தன்மை உண்டு, அதில் சேர்க்கும் அமோனியா ஒரு காரணம். காலையில் எழுந்து பார்த்தால் பூசிய இடத்தின் ஓரமெல்லாம் மறுபடி மஞ்சள். அமோனியா ஆவியாகப் போகப்போக நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில், தடிமனாக இருந்த இடத்தில் மட்டும் இன்னும் செங்கல் நிறம், அதைச் சுற்றி ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். குனிந்து பார்த்தால் சந்தனப்பொட்டு காய்கிற மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தக் காலை நேரத்து நிறம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்போதே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நிறுத்துவதற்கு அது என் கையில் இல்லையே! நான் தூரிகையைக் கீழே வைத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி, உங்கள் வாத்தியார் சொல்லித் தருகிற எண்ணெய் ஓவியத்திலும் இப்படி உண்டு, ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறுகும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அது போகும் திசை எல்லோருக்கும் தெரிந்த திசை. நாமாகக் கண்டுபிடித்துச் சேர்த்த கலவையில் திசையே தெரியாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் பதில்: ஈரம் இருக்கும்போது முடிந்ததா என்று கேட்காதீர்கள். அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், தடிமனான பூச்சில் உள்ளே இருக்கும் தண்ணீர் போக வாரக்கணக்கில் ஆகும். பினாங்குப் புழுக்கத்தில் இன்னும் கூடும்.

ஆகஸ்ட் 4

ஈப்போ அண்ணன் ஒருவர்: “மஞ்சள் எப்படியும் வெளுத்துவிடும், எதற்கு இந்தப் பாடு?” உண்மைதான் அண்ணே, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. வெளுக்கட்டும் என்றுதான் வைத்தேன். மஞ்சள் பூசிய முகம் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும், பாட்டிக்கும் அது தெரியும், அதனால் பூசாமல் இருந்தாரா? ஆனால் அடியில் ஓக்கர் என்ற மண் மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்திருக்கிறேன், மஞ்சள் போனாலும் அந்த இடம் வெறும் வெள்ளையாகாது.

ஆகஸ்ட் 17

வேலை ஓடவில்லை, அதனால் வாசித்ததை எழுதுகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் ரோஷன்பெர்க் என்ற ஓவியர் 1955ல் பழைய சாமான் கடை ஒன்றில் பாடம் செய்த அங்கோரா ஆடு ஒன்றை வாங்கினார். முதலில் அதைச் சுவரில் மாட்டும் ஓவியத்தோடு பொருத்தினார், ஆட்டின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. பிடிக்கவில்லை. அப்புறம் ஆட்டின் வயிற்றைச் சுற்றி டயரை மாட்டி, பின்னால் நிமிர்ந்த பலகை வைத்தார். அதுவும் சரிவரவில்லை. 1959ல்தான் பலகையைத் தரையில் படுக்கப்போட்டு ஆட்டை அதன் நடுவே நிறுத்தினார். இப்போது அது ஸ்டாக்ஹோம் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் இதில் கவனிப்பது, முதல் இரண்டு நிலையிலும் குறை வர்ணத்தில் இல்லை. ஆடு எங்கே நிற்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைக்காமல் அத்தனை ஆண்டு போயிருக்கிறது. நாம் படம் முடியவில்லை என்றவுடன் தூரிகையைத் தேடுகிறோம். என் பலகையிலும் நான் மேல் வலது மூலையில் வர்ணத்தை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்கிறேன், நீலம், அப்புறம் சாம்பல், அப்புறம் நீலத்தின் மேல் சாம்பல். ஒவ்வொன்றும் பக்கத்து இடத்தைக் கெடுக்கிறது, அதைச் சரிசெய்யப் போனால் அதற்குப் பக்கத்து இடம். குறை அந்த மூலையில் இல்லை என்று இன்று சந்தேகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18

ஆர்மேனியன் ஸ்திரீட் சைக்கிள் ஓவியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், அதுவும் நம் கணக்கில்தான் வரும். 2012ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது, சுவரில் பிள்ளைகள், முன்னால் நிஜச் சைக்கிள். சுவரில் உள்ளது வெளுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். சைக்கிள் இல்லாமல் அந்தச் சுவரை யோசித்துப் பாருங்கள், பாதிதான். நான் அந்தப் பக்கம் போனால் ஓவியத்தைவிட, மக்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

செப்டம்பர் 6

இன்று கண்டது. சேலைக் கரையை ரப்பர் சீட்டின் மேல் வைத்து ஒட்டியிருந்தேன். ரப்பர் எல்லா இடத்திலும் தேன் நிறத்தில் உலர்ந்து, விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஜரிகை ஓடும் கோட்டை ஒட்டி மட்டும் அரை விரற்கடை அகலத்துக்குப் பழுப்பு. தொட்டால் விரல் பிடித்துக்கொள்கிறது. கரையை லேசாகத் தூக்கினேன், ஜரிகையில் உள்ள மாங்காய்கள் அப்படியே ரப்பரில் பழுப்பாக இறங்கியிருந்தன. வால் சுழி, உள்ளே இருக்கும் புள்ளி, எல்லாமே. பட்டு நூல் மட்டும் பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை.

காரணம் செம்பு. இயற்கை ரப்பருக்குச் செம்பு ஆகாது, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ரப்பர் கெடுவதை அது வேகப்படுத்தும். ஜரிகையில் செம்பு இருக்கும், மலிவான ஜரிகை என்றால் செம்புக் கம்பியேதான். மாமாவிடம் போனில் சொன்னேன், “பால் வாளியில செம்பு பித்தளை எதையும் போடக்கூடாதும்மா, எங்க காலத்துலயே சொல்லுவாங்க” என்றார், ரொம்பச் சாதாரணமாக.

இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பட்டின் ஜரிகை, பாட்டி வெட்டிய மரத்தின் பாலைத் தின்கிறது. நான் வரைந்து இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருக்க முடியாது. கரையை மறுபடி ஒட்டவில்லை. ஓர் அங்குலம் கீழே இறக்கி வைத்தேன், பழுப்பு மாங்காய் வரிசை வெளியே தெரிகிற மாதிரி. அப்படி இறக்கியவுடன் மேல் வலது மூலை தானாக அடங்கிவிட்டது. ஆகஸ்ட் 17 குறிப்பில் சொன்ன சந்தேகம் சரிதான், அந்த மூலைக்கு வர்ணம் எதுவும் தேவைப்படவில்லை, கரைதான் ஓர் அங்குலம் மேலே மொத்தப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

செப்டம்பர் 7

தம்பி கேட்பது நியாயமான கேள்வி: “அப்படியென்றால் அது கெட்டுக்கொண்டே போகுமே அக்கா, பத்து ஆண்டில் என்ன இருக்கும்?”

அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸின் கதையைத் தேடிப் படியுங்கள். 1969ல் மெல்லிய துணியில் ரப்பர் பாலைப் பூசி, கண்ணாடியிழைக் கம்புகளில் திரை மாதிரி நிறுத்தி ஒரு பெரிய படைப்பு செய்தார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், வயது 34. ஆரம்பத்தில் வளைந்து நெளிந்து நின்ற ரப்பர் பிறகு பழுப்பாகி விறைத்துப்போனது. குகன்ஹைம் அருங்காட்சியகம் அதைப் பல்லாண்டு காட்டாமலே வைத்திருந்து, 2022ல் பழுதுபார்த்து மறுபடி காட்டியது. இன்று அதைப் பார்ப்பவர்கள் அவர் செய்ததைத்தான் பார்க்கிறார்களா? எனக்குத் தெரிந்து அந்த உருவமும் அளவும் அவருடையது, நிறம் காலத்துடையது. அப்படிப் பங்கு பிரித்துக்கொள்ள எனக்குச் சம்மதம். ஆனால் ரப்பரைத் தொடும்போதே அந்தச் சம்மதத்தைக் கொடுத்துவிட வேண்டும், விற்றபிறகு வாங்கியவர் தலையில் கட்டக்கூடாது.

செப்டம்பர் 21

மழை நிற்கவில்லை. துரு பூசிய இடம் ஊர ஆரம்பித்துவிட்டது, கீழே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சில் காவிக் கறை. இது ஜரிகை மாதிரி இல்லை. ஜரிகை செய்தது படத்துக்கு வேண்டியதைச் செய்தது, இது விட்டால் பலகை முழுக்கப் பரவி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். துரு ரப்பரைத் தொட்டால் ரப்பருக்கும் நல்லதில்லை.

கலம்காரிக்காரர்கள் கருப்பு எடுக்கிற வழி ஞாபகம் வந்தது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து வைத்துக்கொண்டு, இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரால் எழுதினால் கோடு கருக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வருகிற கருப்பு அது. லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்து, கஷாயம் வைத்து, வடிகட்டி, துருவின் மேல் மெல்லிய தூரிகையால் வைத்தேன். கண்ணெதிரே காவி நீலக்கருப்பாகத் திரும்பியது. அருங்காட்சியகங்களில் இரும்புச் சாமான்களுக்குத் துவர்ப்பமிலம் பூசித் துருவை அடக்குவதும் இதே கணக்கில்தான். ஓரங்களில் கொஞ்சம் காவியை விட்டிருக்கிறேன். காய்ந்தபிறகு மேலே அக்ரிலிக் மீடியம் இரண்டு கை, ஈரம் உள்ளே போகாமல் இருக்க.

கேட்கப்போகிறவர்களுக்கு: வினிகரோடு உப்பும் சேர்த்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். உப்பு பலகையில் தங்கி, நம் கடல்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துருவை அடக்கவே முடியாது.

அக்டோபர் 5

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பலகையில் நான் தெரிந்துகொண்டது இதுதான்.

முன்பெல்லாம் நண்பர்களிடம், படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், குறை தெரியும் என்று சொல்வேன். வெறும் வர்ணத்துக்கு அது இன்னும் நல்ல வழிதான். இந்த மாதிரிப் படத்துக்குப் போதாது என்று இப்போது நினைக்கிறேன். திருப்பி வைத்தால் வெளிச்சம் படாது, ரப்பரும் மஞ்சளும் வெளிச்சத்தில் என்ன செய்யும் என்று தெரியாமலே போய்விடும். நடமாடுகிற இடத்தில் மாட்டி வையுங்கள், சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் கண்ணில் படட்டும்.

அப்புறம் ஒவ்வொரு பொருளிடமும் போய், உன்னை இப்படியே விட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறேன். அக்ரிலிக் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மஞ்சள் வெளுக்கும், சம்மதம். ஜரிகைக் கோடு இன்னும் கருக்கும், ரப்பர் அந்த இடத்தில் ஒருநாள் வெடிக்கவும் கூடும், அதற்கும் சம்மதம். துரு பரவும் என்றது, சம்மதமில்லை, நிறுத்தினேன். ரப்பர் சீட்டின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது, புகை போடாத சீட் அப்படித்தான், அதையும் துடைத்து உலர்த்தி, காற்றோட்டத்துக்குப் பின்னால் கட்டை வைத்தேன். என் சம்மதம் இல்லாமல் மாறுகிற எதுவும் பலகையில் மிச்சமில்லை என்றபோது, அந்தப் பக்கத்து வேலை முடிந்தது.

கண்ணுக்கான பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு அடையாளம் கிடைத்தது ஒரு வெள்ளைக் கோட்டில். கீழே இடது பக்கம், ஒட்டுநாடாவை உரித்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஜெஸ்ஸோ வெறுமனே தெரிகிறது. பல வாரமாக அதை மூட வேண்டும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. துருவைக் கருப்பாக்கியபிறகு பார்த்தால், கண் கருப்பிலிருந்து இறங்கி அந்த வெள்ளையில் ஒரு நொடி நின்று, அப்புறம்தான் மாங்காய் வரிசைக்கு ஏறுகிறது. மூடினால் கண் பலகைக்கு வெளியே வழுக்கிவிடும், காகிதத்தைக் கிழித்து ஒட்டி மறைத்துப் பார்த்தேன், அப்படித்தான் ஆனது. வாரக்கணக்கில் குறையாகத் தெரிந்தது தேவையான இடமாக மாறியது, நான் அதைத் தொடாமலே.

இன்னொன்று. போன வாரம் ஒரு யோசனை வந்தது, மங்கு ஒன்றை, பால் வடிகிற அந்தக் கோப்பையை, நடுவில் பதித்தால் என்ன என்று. நல்ல யோசனை, இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் மங்கை வைத்தால் பார்க்கிறவர் உடனே தோட்டம், பால்மரம், பழைய கஷ்டம் என்று கதைக்குப் போய்விடுவார். இந்தப் பலகை ஒரு தோல் இன்னொரு தோலைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. மங்குக்கு வேறு பலகை எடுத்துவிட்டேன். கையில் இருக்கும் படத்துக்கு வருகிற யோசனைகள் எல்லாம் அடுத்த படத்துடையவையாக இருந்தால், இதில் உங்கள் வேலை தீர்ந்தது.

அக்டோபர் 6

ஈப்போ அண்ணன் விடவில்லை: “முடிக்காமல் விட்டாலும் படம் படம்தானே? துஷாம் செய்யவில்லையா?”

செய்தார். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் அந்தப் பெரிய கண்ணாடி ஓவியத்தை 1915ல் தொடங்கி, 1923ல் முடிக்காமலேயே நிறுத்தினார். ஈயக் கம்பி, வார்னிஷ், எண்ணெய் வண்ணம், மாதக்கணக்கில் படியவிட்ட தூசியைக்கூட வார்னிஷால் பிடித்து வைத்தார். 1926ல் புரூக்ளினில் தொடங்கிய கண்காட்சி முடிந்து எடுத்துப்போகும் வழியில் கண்ணாடி நொறுங்கியது. 1936ல் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சேர்த்தார், விரிசல்களையும் படத்தோடு ஏற்றுக்கொண்டார். அண்ணே, நீங்கள் இதை முடிக்காமல் விட்டதற்கு உதாரணமாகச் சொல்கிறீர்கள். நான் அந்தப் பழுதுபார்த்த ஆண்டைப் பார்க்கிறேன். இந்த விரிசல் இருக்கட்டும், இந்தத் துண்டு நகரக்கூடாது என்று அவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். விட்டுவிடுவதும் சம்மதிப்பதும் ஒன்றில்லை. என்னோடு சண்டை போடுங்கள், ஆனால் இந்த இடத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

அக்டோபர் 19

வார்னிஷ் பற்றி இதுவரை நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ரப்பர் உள்ள படத்துக்கு டர்பன்டைன், மினரல் ஸ்பிரிட் கலந்த எந்த வார்னிஷும் வேண்டாம், இயற்கை ரப்பர் அதில் ஊதிக் கொழகொழவென்று ஆகிவிடும். எண்ணெய் வண்ணமும் ரப்பர் மேல் வேண்டாம், அதே காரணம். அக்ரிலிக் உள்ள இடங்களில் மட்டும், நன்றாகக் காய்ந்தபிறகு, தண்ணீர் கலந்த வார்னிஷ் மெல்லிய கையாக இரண்டு தடவை போட்டேன். ரப்பரையும் சேலையையும் அப்படியே விட்டேன்.

நாளிதழ் ஒட்டும் தம்பிக்கு: நாளிதழ்க் காகிதம் மரக்கூழில் செய்தது, அமிலமும் லிக்னின் என்ற மரப்பொருளும் இருப்பதால் மஞ்சளாகித் தூளாகும். மைதாப் பசை போட்டு ஒட்டாதீர்கள், வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைப்பது போலாகும். மஞ்சளாவது உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சம்மதமில்லை என்றால் அந்தப் பக்கத்தை அமிலமில்லாத காகிதத்தில் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

பலகையின் பின்னால் பென்சிலால் எழுதிவிட்டேன்: என்னென்ன பொருள், எந்த மாதம் எது ஒட்டியது, மஞ்சள் வெளுப்பதும் ஜரிகைக் கோடு கருப்பதும் இருக்கட்டும், துரு மறுபடி காவியானால் என்னைக் கூப்பிடவும். சட்டம் போடுகிற கடையில் முன்னால் கண்ணாடி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும், ஆனால் ரப்பரில் படாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் படத்திலும் ஒட்டுகிற பொருள் ஏதாவது இருந்தால் இதைச் சொல்ல மறக்காதீர்கள், ஒருமுறை கண்ணாடியோடு ஒட்டினால் பிரிக்கும்போது தோலோடு வரும்.